பதினோரு சென்ரிமீற்றர்

காலை ஐந்தரைக்குத் தாங்கியின் மூடியைத் திறந்து
கோலை இறக்குகிறேன்.
பித்தளை நுனி அடியில் தட்டும் சத்தத்துக்கு
வரிசை பேச்சை நிறுத்துகிறது.

பதினோரு சென்ரிமீற்றர்.
சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்க்கத் தேவையில்லை,
அந்த ஆழத்துக்குக் குழாய் எட்டாது.
நுனியில் தடவிய பசை வேறு சிவந்திருக்கிறது.
ராத்திரி மழை உள்ளே இறங்கியிருக்கிறது.
பொகவந்தலாவையில் மழை எதற்குள்ளும் இறங்கும்.

"எம்புட்டு இருக்குங்க?"
"வருது."
கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று.
மூன்று கிழமையாக இதுதான் என் உத்தியோகம்.

கொழும்புக்கு வெளியே கப்பல் நிற்கிறதாம்,
துறைமுக விளக்குகள் தெரிகிற தூரத்தில்,
பன்னிரண்டு நாளாக.
காசு கட்டினால்தான் குழாய் பூட்டுவார்களாம்.
வளைகுடாவில் யாரோ தோண்டியது,
சிங்கப்பூரில் யாரோ விலை பேசியது,
கடனுக்கு இந்தியாவில் யாரோ கையெழுத்துப் போட்டது.
சபுகஸ்கந்தையில் உலை அணைந்து கிடக்கிறது.
வந்தாலும் கொலன்னாவையில் பவுசர் நிரம்பி
அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை,
ஹற்றன், நோர்வூட் என்று
ஒவ்வோர் ஊரும் வாய் வைத்த பிறகு
கடைசி வளைவில் நாங்கள்.

மண்ணெண்ணெய்க் கான்களை ஒரே கயிற்றில் கோத்திருக்கிறார்கள்.
ஆட்கள் மலைக்குப் போவார்கள், கான்கள் வரிசையில் நிற்கும்.
நாற்பத்து மூன்றாவது மஞ்சள் கான்.
கியூடெக்ஸால் எழுதிய பெயர்: யோகேஸ்வரி.
மூடி தொலைந்துவிட்டது, பொலித்தீன் சுருட்டி அடைத்திருக்கிறாள்.

மத்தியானம் அவளே வந்தாள், அரைப்பேரோடு.
படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.
"கப்பல்காரனுக்கு என்னாத்த குடுக்கணுமாம்?"
"டொலர்."
"அது யாருகிட்ட இருக்கு?"
நான் பேப்பரில் படித்ததைச் சொன்னேன்:
ஒரு தேசத்துக்குப் பழைய எண்ணெய்க் கடனை
தேயிலையாகக் கட்டப் பேசுகிறார்களாம்.

சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல் விரல்களைப் பார்த்தாள்,
கறை ஏறிய பெருவிரலையும் ஆள்காட்டியையும்.
"நமக்கு பதினெட்டு கிலோ. பதினேழுன்னா அரைப்பேரு.
அந்தத் தேசத்துலயும் கணக்கப்புள்ள இருக்காரா,
ஈரம்னு ரெண்டு கிலோ வெட்ட?"
கோலைக் காட்டிக் கேட்டாள்:
"ஒங்க தாங்கியில தண்ணி எறங்குனா
யாரு பேருல வெட்டுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை.
முதலாளியின் பேரில் இல்லை என்று மட்டும் தெரியும்.

நேற்று எடுத்த கொழுந்து
நிறுவைக் கொட்டிலிலேயே கிடக்கிறது என்றாள்.
லொறிக்கு டீசல் இல்லை.
சாக்குக்குள் கைவிட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுடுகிறதாம்,
சிவந்து, பழவாடை அடித்து.
கடன் கட்ட வேண்டிய இலை
மூன்று மைல் தள்ளி இருக்கும் ஆலைக்குப் போக
எண்ணெய்க்காகக் காத்திருக்கிறது.
இதை அவள் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு சுமதிபாலவின் பவுசர் வந்தது.
வரிசை முழுக்க எழுந்து நின்றது.
இறங்கியது டீசல் மட்டும்.
தோட்டத் துரையின் கடிதத்தோடு லொறி முன்னால் நின்றது,
அதன் பின்னால் ஆஸ்பத்திரி வண்டி, பொலிஸ் ஜீப்.
"பூமிதெல் நே," என்று சுமதிபால கையை விரித்தபோது
மண்ணெண்ணெய் இல்லை என்பதை
யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கானை அவிழ்க்கவில்லை.
கவ்வாத்து மலைப்பக்கம் ஏறினாள்,
மிலாறு பொறுக்க.

இப்போது இரவு எட்டு. கரண்ட் இல்லை.
லயங்களிலிருந்து மிலாறுப் புகை இறங்குகிறது,
ஈர விறகின் புகை, கண்ணைக் கரிக்கிறது.
மேல்மலையில் லொறி ஒன்று முனகி ஏறும் சத்தம்.
வெந்த கொழுந்தை ஏற்றத்தான் போகிறது.

மழை தொடங்கிவிட்டது.
டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன்.
நாற்பத்து மூன்றாவது கானில் பொலித்தீன் இல்லை, காற்று கொண்டுபோயிருக்கிறது.
கயிற்றைத் தளர்த்தி
கானைக் கவிழ்த்து வைக்கிறேன்.